திருச்சிப் பையன் தொண்டைக்குள் எத்தனை பேர்!

திருச்சியில் யாரிடமாவது நடிகர் சிவகார்த்திகேயன் பேச்சை எடுத்துப் பாருங்கள். “நம்ம ஜே.ஜே. காலேஜ் பையன்ங்க!” என்று முகமெல்லாம் பல்லாகிவிடும். பிறந்தது 1985-இல், சிங்கம்புணரியில். ஆனால் அவரை மிமிக்ரி மேடைக்குத் தயார் செய்து அனுப்பியது இந்த ஊர்தான் என்பதில் எங்களுக்குத் துளியும் சந்தேகமில்லை.

வாங்க, திரைக்குப் பின்னால் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம். ஒரு மிமிக்ரி கலைஞனுக்கு ஒப்பனைப் பெட்டி வேண்டாம், உடுப்பு வேண்டாம். காதுதான் முழு முதலீடு. ரஜினி மாதிரி பேசுவதற்கு வேகம் மட்டும் போதாது. எந்தச் சொல்லை விழுங்குகிறார், எங்கே மூச்சை நிறுத்துகிறார், சிரிப்பு எந்த இடத்தில் வெடிக்கிறது என்று எல்லாம் பிடிபட வேண்டும். கூட்டம் இரண்டாவது சொல்லுக்குள் ஆளைக் கண்டுபிடித்துவிட வேண்டும். மூன்றாவது சொல்வரை போனால் விசில் போச்சு! அதிலும் கல்லூரி கல்ச்சுரல்ஸ் கூட்டம் இருக்கிறதே, உலகத்திலேயே பொல்லாத கூட்டம் அது. கடைசி வரிசையிலிருந்து ஒரு கவுன்ட்டர் வந்தால் அதே நொடியில் பதில் பறக்க வேண்டும். அந்தப் பள்ளிக்கூடத்தில் பாஸ் பண்ணினவர்களுக்கு டிவி ஸ்டுடியோ எல்லாம் ஜுஜுபி.

விஜய் டிவியின் ‘கலக்கப் போவது யாரு’ சிரிப்புப் போட்டியின் மூன்றாவது சீசனில் பட்டம் வென்றார். அடுத்து ‘அது இது எது’வின் தொகுப்பாளர். அதில் ‘சிரிச்சா போச்சு’ சுற்று ஞாபகமிருக்கிறதா? விருந்தினர் சிரிக்கவே கூடாது. சிரிப்புக் கலைஞர்கள் வந்து அவர்களை ஒருவழியாக்குவார்கள். நடுவில் மைக்கோடு நிற்பவருக்குத்தான் மிக நுட்பமான வேலை. அடுத்தவர் ஜோக் அடிக்க இடம் எடுத்துக் கொடுத்துவிட்டு, சிரிப்பு அடங்கும் முன்னால் இன்னொரு வரியைச் செருகி அதை இழுத்துப் பிடிக்க வேண்டும். சிவகார்த்திகேயனின் டைமிங் பழுத்தது அங்கேதான் என்பேன்.

இத்தனை சிரிப்புக்கும் அடியில் ஒரு வலி உண்டு. அப்பா சிறைத்துறை அதிகாரி. மகன் கல்லூரியில் படிக்கும்போதே அவர் இறந்துவிட்டார். அந்தத் துக்கத்திலிருந்து தன்னை மீட்ட மருந்து மேடையும் கைதட்டலும்தான் என்று 2024 கோவா திரைப்பட விழாவில் சிவகார்த்திகேயனே மனம் திறந்து சொன்னார். அதைக் கேட்ட பிறகு பழைய நிகழ்ச்சிகளைப் பார்த்தால் அந்தச் சிரிப்பின் மேல் பிரியம் இன்னும் கூடுகிறது.

2012-இல் பாண்டிராஜின் ‘மெரினா’ வழியாகச் சினிமா. மறுவருடமே அதே பாண்டிராஜ் ‘கேடி பில்லா கில்லாடி ரங்கா’வின் கதையைத் திருச்சியில் வைத்தார். கவுன்சிலர் கனவோடு விமலும் நம்ம சிவாவும் நம்ம தெருக்களில் அடித்த கூத்து!

அதே 2013-இன் மே முதல் தேதி வந்ததுதான் ‘எதிர்நீச்சல்’. இங்கேதான் ஸ்ரீரங்கம் உள்ளே வருகிறது. நாகேஷ் நடித்த 1968 ‘எதிர்நீச்ச’லுக்குப் பாட்டு எழுதியவர் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த வாலி. நாற்பத்தைந்து வருடம் கழித்து அதே தலைப்பில், குஞ்சிதபாதம் என்ற பெயரோடு மல்லுக்கட்டும் சிவாவுக்கும் வாலி எழுதினார்! அந்த ஜூலையில் அவர் மறைந்தார். ஒரு பெரிய காமெடியனுக்கும் இந்தத் திருச்சிப் பையனுக்கும் நடுவில் பாலம் போட்ட பேனா, காவிரிக்கு அந்தக் கரையிலிருந்து போனது என்று நினைத்தாலே உடம்பு சிலிர்க்கிறது.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி. குரலை வைத்து ஜெயித்தவர் குரலை அடக்கவும் கற்றுக்கொண்டார். ‘ரெமோ’வில் நர்ஸ் வேடம் கட்டிப் பெண்குரலில் கொஞ்சியவர், நெல்சனின் ‘டாக்டர்’ (2021) படத்தில் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல் நிற்கிறார். சுற்றியிருப்பவர்கள் வயிற்றைப் புண்ணாக்குகிறார்கள். ‘சிரிச்சா போச்சு’ விதியை இரண்டரை மணி நேரம் அவரே கடைப்பிடித்த மாதிரி! ‘மாவீரன்’ (2023) இன்னும் ஒரு படி மேலே. ஊரார் குரலையெல்லாம் எடுத்துப் பேசியவரின் காதுக்குள் விஜய் சேதுபதியின் குரல் புகுந்து ஆட்டிவைக்கிறது. தலைப்போ ரஜினியின் பழைய படத்துடையது. 2024 தீபாவளிக்கு வந்த ‘அமரன்’ படத்தில் அவர் நடித்த மேஜர் முகுந்த் வரதராஜனிடம் யாருடைய சாயலும் இல்லை.

தயாரிப்பாளரானதும் முதல் படத்தை யாருக்குக் கொடுத்தார் தெரியுமா? கல்லூரித் தோழன் அருண்ராஜா காமராஜுக்கு! பக்கத்துக் குளித்தலையில் கிரிக்கெட் கனவு காணும் பெண்ணின் கதை, 2018-இல் ‘கனா’வாக வந்தது. அதில் ஒரு பாட்டைச் சிவாவோடும் வைக்கம் விஜயலட்சுமியோடும் சேர்ந்து பாடி ஊரையே முணுமுணுக்க வைத்தவர், மகள் ஆராதனா.