பெண் கையில் ஏடு: ஆட்சியாளர் அஞ்சுவதேன்?

கண்டியிலிருந்து கலஹா வழியாகத் தெல்தோட்டைக்கு வருவோர் பாதையின் இருமருங்கும் தேயிலை மலைகளைக் கண்டு மகிழ்வர். இவ்வூருக்கு அயலிலுள்ள லூல்கந்துரா தோட்டத்திலேதான் 1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்பார் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். இலங்கைத் தேயிலை உலகப் புகழ் பெற்றமைக்கு அதுவே வித்தாயிற்று. அப்புகழைக் கூடையிற் சுமந்தவர்கள் எம் பெண்மக்கள். கொழுந்தெடுக்க அத்துணை நேர்த்தியாகப் பழகிய அவ்விரல்கள், எழுதுகோல் பிடிக்க நெடுங்காலம் பழகாதிருந்தமைக்குக் காரணம் என்ன?

இவ்வினாவுக்கு விடை காண உலகைச் சற்றுச் சுற்றிப் பார்த்தல் வேண்டும். அடக்குமுறை தலைதூக்கும் நாடுகள் பலவற்றில் பெண்பிள்ளையின் புத்தகத்தின்மேற் கைவைக்கப்படுவதைக் காண்கிறோம். 'பெண்ணுக்குப் படிப்பு ஏறாது' என்று அவ்வாட்சியாளர் கூறுவது வெறும் வெளிச்சாட்டு. ஏறாதென்று மெய்யாகவே நம்புகிறவன் பாடசாலைக்குப் பூட்டுப் போடவேண்டியதில்லையே! ஏறும் என்று அறிந்தவனே பூட்டைத் தேடுகிறான்.

ஆறாம் வகுப்பென்னும் கோடு

ஆப்கானிஸ்தானத்தை 1996 முதல் 2001 வரை ஆண்ட தலிபான்கள் பெண் கல்வியைத் தடுத்தனர். 2021 ஓகஸ்ட் மாதத்தில் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றியபின் அவர்கள் செய்ததும் அதுவே. 2022 மார்ச் 23 ஆந் திகதி, மேல்வகுப்புகள் திறக்கப்படுகின்றன என்று நம்பிச் சென்ற மாணவியர் சில மணி நேரத்தில் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் சர்வகலாசாலைக் கதவும் பெண்களுக்கு அடைபட்டது. சமயத்தின் பெயரால் இது செய்யப்பட்டபோதிலும், வேறெந்த முஸ்லிம் நாட்டிலும் இத்தகைய தடை இல்லை. தெல்தோட்டையிலேயே முஸ்லிம் சிறுமியர் புத்தகப் பையுடன் செல்வதை நாள்தோறும் காண்கின்றோம்.

ஒன்று இங்கே கவனிக்கத்தக்கது. ஆறாம் வகுப்பு வரை சிறுமியர் படிக்க அவ்வாட்சி இடமளித்துள்ளது. ஏன் அங்கே கோடு கீறப்பட்டது? கட்டளையை வாசிக்க ஆறாம் வகுப்புப் போதும். கட்டளை நியாயமானதா என்று ஆராய அதற்கு மேலும் படித்தல் வேண்டும். சரித்திரமும் சட்டமும் விஞ்ஞானமும் மேல்வகுப்புகளிலேதான் விரிகின்றன. பன்னிரண்டு வயதில் ஒரு சிறுமியைப் பாடசாலையிலிருந்து மறித்துவிட்டால், அவள் உழைப்பு கூலியின்றிக் கிடைக்கிறது. அவள் விவாகத்தைப் பிறர் தீர்மானிக்க முடிகிறது. நாளை அவள் பெறும் பிள்ளைகளும் கேள்வி கேளாது வளர்வர் என்ற நம்பிக்கையும் பிறக்கிறது. ஆணைப் படிக்கவிடாது தடுத்தால் ஒருவனை அடக்கலாம். தாயைத் தடுத்தால் ஒரு தலைமுறையையே அடக்கலாம் என்பது அவர்தம் கணக்கு.

சீட்டு எழுதத் தெரிந்த அடிமை

இக்கணக்குப் புதியதன்று. அமெரிக்காவிலே தென் கரோலினாவில், அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பது 1740 ஆம் ஆண்டிற் சட்டத்தாற் குற்றமாக்கப்பட்டது. அக்காலத்தில் எசமானின் அனுமதிச் சீட்டின்றி அடிமை வெளியே நடமாட முடியாது. எழுதத் தெரிந்தவனோ தனக்குத் தானே சீட்டு எழுதிக்கொண்டு விடுதலை தேடிவிடுவான்!

எம் தோட்டங்களிலும் ஒரு சீட்டு இருந்தது. அதற்குத் 'துண்டு' என்று பெயர். தொழிலாளியின் கடன் அதிற் குறிக்கப்பட்டிருக்கும். அக்கடனைத் தீர்க்க மற்றொரு தோட்டம் முன்வந்தாலன்றி அவர் இடம் மாறுவது அரிது. 1921 ஆம் ஆண்டிலேதான் அம்முறை சட்டப்படி ஒழிந்தது. தம்மைக் கட்டிவைத்த அச்சீட்டில் என்ன எழுதியிருக்கிறதென்று வாசிக்க அறியாமலே எத்தனையோ பேர் வாழ்ந்து மடிந்தனர்.

தடையில்லாத தடை

பெண்பிள்ளை படிக்கலாகாது என்று எம் மலைநாட்டில் எவரும் சட்டம் எழுதியதில்லை. மாறாக, தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்விக்குத் தோட்டத்துரைமார் ஒழுங்கு செய்யவேண்டுமென 1907 ஆம் ஆண்டுச் சட்டமொன்று விதித்தது. ஆனால், வேலை வாங்குகிறவரிடமே கல்வியையும் ஒப்படைத்தது, பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதையாயிற்று. ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்புடன் முடிவு என்பதே தோட்டப் பாடசாலைகள் பலவற்றின் நிலையாயிருந்தது.

ஆப்கானிஸ்தானத்தில் ஆணையாற் கீறப்பட்ட கோடு, இங்கே ஆணையின்றியே ஏறக்குறைய அதே இடத்தில் விழுந்தது பாருங்கள்! 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்படி ஆண், பெண், சிறுவர் என மூவகைக் கூலி நிர்ணயமாயிற்று. பெண்ணின் கூலி ஆணினதிலும் குறைவு. அது சமமானது 1984 ஆம் ஆண்டிலேதான். சிறுவர்க்குக் கூலி வகுத்த சட்டம், அவர்கள் இடம் மலையிலே என்றும் வகுத்துவிட்டதன்றோ? தாய் மலைக்குப் போக, தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள லயத்தில் நின்றவளும் மூத்த பெண்பிள்ளையே.

1945 ஆம் ஆண்டில் நாடெங்கும் இலவசக் கல்வி வந்தபோதும் அதன் முழுப்பயன் தோட்டங்களுக்கு எட்டவில்லை. 1948 இல் இம்மக்களிற் பெரும்பாலோர் பிரசாவுரிமை இழந்தனர். அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. வாக்கில்லாதவர் பாடசாலையின் கூரை ஒழுகினால் பாராளுமன்றத்தில் அதைக் கேட்பார் யார்? தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் பொறுப்பில் வரத் தொடங்கியது 1970 களிலேதான். பிரசாவுரிமைப் பிரச்சினை முற்றாகத் தீர 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

கல்வியுள்ள பெண் என்ன செய்வாள் என்பதற்கு எம்மிடமே சான்றுண்டு. தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சியம்மை, தாமே பாடல்கள் இயற்றித் தொழிலாளர் கூட்டங்களிற் பாடி மக்களைத் தட்டியெழுப்பினார். அடக்குவோர் அஞ்சியது இத்தகைய குரலுக்கே.

எம் வீட்டு வாசலில்

இன்று மலையகப் பெண்கள் ஆசிரியராயும் மருத்துவராயும் சட்டத்தரணிகளாயும் விளங்குகின்றனர். துரைமாரின் பழைய அதிகாரம் இல்லை. துண்டுச் சீட்டும் இல்லை. எனினும், வறுமையின் நெருக்கடியாற் படிப்பை இடையில் விட்டுக் கொழும்பு வீடுகளில் வேலைக்குச் சென்ற சிறுமியரின் கண்ணீர்க் கதைகளை அண்மைக் காலத்திலும் கேட்டோம். 'தம்பி படிக்கட்டும், நீ நின்றுகொள்' என்ற சொல் இன்னும் சில வீடுகளில் ஒலிக்கின்றது. அதைச் சொல்லும் தாய் தகப்பன் கொடியவரல்லர். கையில் உள்ள பணம் ஒரு பிள்ளைக்கே போதுமென்ற நிலையிற் சொல்கின்றனர். ஆயினும் அச்சொல்லின் விளைவு தலிபானின் ஆணை தரும் விளைவே.

நவராத்திரியிற் கலைமகளைப் பெண்ணுருவில் வைத்து வணங்குகின்றோம். விசயதசமியில் மகளுக்கும் மகனுக்கும் ஒருங்கே ஏடு தொடக்குகின்றோம். தொடக்கிய ஏட்டை மகள் கையிலிருந்து மட்டும் இடைநடுவே வாங்கி வைப்பது எந்த நியாயம்? மாணவிகளே, குடும்பக் கஷ்டம் நெருங்கும்போது வாய்மூடியிராது உங்கள் ஆசிரியரிடம் கூறுங்கள். பெற்றோரே, மகளின் படிப்பை நிறுத்துமுன் பாடசாலை அதிபரை ஒருமுறை சந்தியுங்கள். ஐந்தாம் வகுப்பென்றும் ஆறாம் வகுப்பென்றும் பிறர் கீறிய கோட்டை எம் வீட்டு வாசலில் நாமே கீறாதிருப்போமாக.