சதுரங்கத்தில் நம்மவர் ஆட்டத்தைப் பின்தொடர்வது எப்படி?

2024ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் தொடங்கி டிசம்பர் 12ஆம் நாள் வரை, நமக்கு அடுத்த வீடான சிங்கப்பூரில் உலகச் சதுரங்க சாம்பியன் போட்டி நடைபெற்றது. பட்டத்தை வைத்திருந்தவர் சீனாவின் டிங் லிரன். அதைக் கேட்டு வந்தவர் சென்னையில் பிறந்து வளர்ந்த குகேஷ், வயது 18. ஆட்டம் மாலை 5 மணிக்குத் தொடங்கும். சிங்கப்பூர் நேரமும் நம் நேரமும் ஒன்றே. தொழிற்சாலையில் பகல் வேலை முடித்தவர்கள் வீடு திரும்பும் வேளை அது. ஆகவே அந்த நாள்களில் சுங்கை வே வட்டாரத்தில் ஒரு கேள்வியை அடிக்கடி கேட்க முடிந்தது.

"குகேஷ் ஜெயிச்சாரா சார்?"

"இல்லை, இன்றைக்கு டிரா."

"அப்படியா!" என்பார்கள். பேச்சு அத்துடன் முடிந்துவிடும்.

நான்கு மணி நேரம் இரண்டு மனிதர்கள் மூளையைப் பிழிந்து ஆடிய ஆட்டம், ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது. கால்பந்து என்றால் நாம் இப்படி விடுவோமா? யார் பந்தைக் கொடுத்தார், யார் கோட்டைவிட்டார் என்று விடியவிடியப் பேசுவோம். சதுரங்கத்தையும் அப்படிப் பேசலாம். அதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. எழுத்துக் கூட்டத் தெரிந்தால் போதும்.

முதலில், நம்மவர் என்று யாரைச் சொல்கிறோம்? நம் நாடு மலேசியா. 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் மாமல்லபுரத்தில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது மலேசிய அணியும் அங்கே ஆடியது. அது நம் அணி, ஐயமில்லை. குகேஷ் இந்தியக் கொடியின் கீழ் ஆடுகிறவர். அவர் குடும்பம் தெலுங்கு பேசும் குடும்பம். ஆனாலும் நம் மக்கள் அவரை நம் பிள்ளை என்றே சொல்கிறார்கள். ஒரே லயத்தில் தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் வாழ்ந்த தோட்டத்து மக்களுக்கு அது புதிதல்ல. அந்த உரிமையை நான் குறை சொல்லமாட்டேன். உரிமை கொண்டாடுகிற பிள்ளையின் ஆட்டத்தையும் கொஞ்சம் பார்க்கலாமே என்றுதான் சொல்கிறேன்.

கணக்கு எளிது. வென்றால் 1 புள்ளி, சமன் என்றால் ஆளுக்கு அரைப் புள்ளி, தோற்றால் ஒன்றுமில்லை. மொத்தம் 14 ஆட்டங்கள்; 7½ புள்ளியை முதலில் தொடுபவர் சாம்பியன். முதல் ஆட்டத்தில் குகேஷ் தோற்றார். மூன்றாவதில் வென்றார். அதன்பின் ஏழு ஆட்டங்கள் தொடர்ந்து சமன். "என்ன சார், தினமும் டிராதானா?" என்று பலர் சலித்துக்கொண்டது அப்போதுதான். பதினோராவது ஆட்டத்தைக் குகேஷ் வென்றார்; மறு ஆட்டத்திலேயே டிங் திருப்பிக் கொடுத்தார். பதின்மூன்றாவது சமன். ஆக, கடைசி ஆட்டத்துக்கு வரும்போது இருவருக்கும் 6½.

இனி, நகர்வுகளை வாசிக்கும் முறைக்கு வருவோம். பலகையில் எட்டு நிரை, எட்டு வரிசை. வெள்ளைக்காய் ஆடுபவரின் இடப்பக்கம் தொடங்கி நிரைகளுக்கு ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்று ஆங்கில எழுத்துகள். வரிசைகளுக்கு, அவர் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை எண்கள். ஆகவே 64 கட்டங்களுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. லயத்தில் வீட்டுக்கு எண் போட்டிருப்பதைப் போலத்தான். இ4 என்றால் இ நிரையில் நான்காவது வீடு. காய்களுக்கும் எழுத்து உண்டு: ராஜாவுக்குக் கே, ராணிக்குக் கியூ, யானைக்கு ஆர், மந்திரிக்குப் பி, குதிரைக்கு என். சிப்பாய்க்கு எழுத்தே இல்லை. அவன் போய் நிற்கும் கட்டத்தின் பெயரை மட்டும் எழுதுவார்கள். மந்திரியின் பி பெரிய எழுத்து, நிரையின் பி சின்ன எழுத்து. பிள்ளைகள் தடுமாறும் இடம் இது ஒன்றுதான்.

காய்களின் பெயரிலே இன்னொரு குழப்பம் உண்டு. மலாய் மொழியில் சதுரங்கத்தைச் சாத்தூர் என்கிறார்கள்; இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள். ஆனால் பழைய மலாய் வழக்கில் காஜா, அதாவது யானை, என்பது நாம் மந்திரி என்று சொல்லும் காய். அவர்களுடைய மெந்திரி நம்முடைய ராணி. நம் யானையை அவர்கள் தீர் என்பார்கள். அது 'தேர்' என்ற தமிழ்ச்சொல்தான் என்பது அறிஞர் கருத்து. வீட்டில் அப்பா யானை என்று ஒன்றைக் காட்ட, பள்ளியில் மலாய் ஆசிரியர் காஜா என்று வேறொன்றைக் காட்டினால் பிள்ளை விழிக்கும். இரண்டும் சரியே என்று சொல்லிவிடுங்கள்.

இப்போது டிசம்பர் 12ஆம் நாளின் பதினான்காவது ஆட்டத்துக்கு வாருங்கள். டிங்குக்கு வெள்ளைக்காய். ஆளுக்கு 40 நகர்வுகளுக்கு இரண்டு மணி நேரம். அதற்குப்பின் அரைமணி நேரமும், ஒவ்வொரு நகர்வுக்கும் 30 விநாடியும் சேரும். ஆட்டம் 50 நகர்வுகளைத் தாண்டியபோது பலகையில் மிஞ்சியவை கொஞ்சம்தான். இரு பக்கமும் ஒரு ராஜா, ஒரு யானை, ஒரு மந்திரி. குகேஷுக்கு இரண்டு சிப்பாய்கள், டிங்குக்கு ஒன்று. ஒரு சிப்பாய்தானே அதிகம், இது சமன்தான், மறுநாள் விரைவு ஆட்டங்களில் முடிவு தெரியும் என்றே பார்த்தவர்கள் எண்ணினார்கள். குகேஷ் மட்டும் விடவில்லை. அவசரப்படாமல், ஆபத்தில்லாமல், நகர்த்திக்கொண்டே இருந்தார். டிங்குக்கோ நேரம் குறைந்துகொண்டு வந்தது.

55ஆவது நகர்வு. டிங் தம் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்தார். ஏட்டில் அது ஓர் எழுத்தும் ஒரு கட்டத்தின் பெயரும் மட்டும். ஆனால் உலகப் பட்டம் அந்த இடத்தில் கைமாறிவிட்டது. எப்படி?

குகேஷ் தம் யானையால் அந்த யானையை வெட்டினார். டிங்கின் ராஜா திருப்பி வெட்டினார். யானைகள் போயின. டிங்கின் மந்திரி ஏ8 கட்டத்தில், அதாவது பலகையின் மூலையில், நின்றிருந்தது. மந்திரி சாய்வாக மட்டும் போகும் காய். மூலையில் நிற்கும் மந்திரிக்கு வெளியே வர ஒரே ஒரு சாய்வுப் பாதைதான் உண்டு. குகேஷ் தம் மந்திரியை டி5 கட்டத்தில், சரியாக அந்தப் பாதையின் நடுவில், கொண்டுபோய் வைத்தார். ஒற்றையடிப் பாதையில் எதிரே லாரி வந்து நின்றது போல! மந்திரிக்கு மந்திரி மாற்றிக்கொள்வதைத் தவிர டிங்குக்கு வழியில்லை. மாற்றியபின் மிஞ்சியவை ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டுமே. யானையும் மந்திரியும் இருந்தவரை ஒரு சிப்பாய் குறைவு என்பதைத் தாக்குப்பிடிக்க முடிந்தது. அவை போனபின் இரண்டுக்கு ஒன்று நிற்காது. ஒரு சிப்பாய் கடைசி வரிசையை எட்டி ராணியாக மாறுவதைத் தடுக்க ஆளில்லை. 58ஆவது நகர்வுடன் டிங் கை நீட்டினார். 7½க்கு 6½.

"ராஜாவை இன்னும் மடக்கவில்லையே, ஏன் தோல்வியை ஒப்புக்கொண்டார்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. மீதி நகர்வுகளை இருவருமே மனத்துக்குள் ஆடி முடித்துவிட்டார்கள் என்பதே விடை. 1985இல் காஸ்பரோவ் 22 வயதில் சாம்பியன் ஆனார். அதைவிட நான்கு வயது இளையவர் குகேஷ். கண்ணீர் வழிய அவர் முதலில் செய்த காரியம், பலகையில் காய்களைத் திரும்ப அதனதன் இடத்தில் அடுக்கி வைத்ததுதான்.

பட்டியலை மட்டும் பார்த்தால் எவ்வளவு தவறிப்போகும் என்பதற்கு ஒரு பழைய சான்று. இந்தியாவின் முதல் அனைத்துலக மாஸ்டர் மானுவல் ஆரோன். பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். அந்தப் பட்டத்தை 1961இல் பெற்றார். 1962இல் ஸ்டாக்ஹோம் நகரில் உலகப் பட்டத்துக்கான தகுதிப் போட்டியில் ஆடினார். 23 பேர், பட்டியலில் அவருக்குக் கடைசி இடம். பட்டியல் வாசிப்பவர் அங்கேயே ஏட்டை மூடிவிடுவார். ஆட்டங்களை வாசிப்பவருக்குத்தான் தெரியும், அந்தக் கடைசி இடத்துக்காரர் ஹங்கேரியின் போர்ட்டிஷையும் ஜெர்மனியின் ஊல்மனையும் அங்கே வென்றார் என்று. இருவரும் அக்காலத்துப் பெரும்புள்ளிகள்.

"அதெல்லாம் வசதியுள்ளவங்க பிள்ளைங்களுக்கு சார்" என்று பெற்றோர் சொல்வதும் என் காதில் விழுகிறது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. குகேஷின் தந்தை காது மூக்கு தொண்டை மருத்துவர். மகனுடன் ஊர் ஊராகப் போவதற்காகத் தொழிலையே ஒதுக்கி வைத்தார். அது எல்லாராலும் முடியாது. சாம்பியன் ஆக்குவது வேறு, ஆட்டத்தைப் பின்தொடர்வது வேறு. இரண்டாவதற்கு வேண்டியவை ஒரு பலகை, ஒரு நோட்டுப் புத்தகம், வீட்டில் கூட உட்கார ஓர் ஆள்.

அந்த ஆள் யாராகவும் இருக்கலாம். விசுவநாதன் ஆனந்த் சிறுவனாக இருந்தபோது, தந்தையின் ரயில்வே வேலைக்காகக் குடும்பம் மணிலாவில் சில காலம் இருந்தது. அங்கே பகல் வேளையில் தொலைக்காட்சியில் சதுரங்க நிகழ்ச்சி வரும். பையன் பள்ளியில் இருப்பான். தாயார் சுசீலா அம்மையார் அந்த ஆட்டங்களையும் புதிரையும் தாளில் எழுதி வைப்பார். மாலையில் இருவருமாகப் பலகையில் வைத்துப் பார்ப்பார்கள். விடை அனுப்பினால் புத்தகம் பரிசு. பையன் ஓயாமல் பரிசு வாங்கவே, வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொள், இனி விடை அனுப்பாதே என்று சொல்லிவிட்டார்களாம்!

நம் பிள்ளைகளுக்கும் பள்ளி விளையாட்டு மன்றத்தின் வழியாக மாவட்டச் சதுரங்கப் போட்டிகள் உண்டு. மரங்கள் போய் அடுக்குமாடி வந்துவிட்ட பின்னும் பெயரில் தோட்டத்தைச் சுமக்கும் நம் பள்ளிகளிலிருந்தும் பிள்ளைகள் போகிறார்கள். காலையில் பஸ் ஏறிப் போன பிள்ளை மாலையில் சோர்ந்து வந்து நிற்கும். "ஜெயிச்சியா?" என்று கேட்போம், இல்லை என்றால் பேச்சு முடிந்தது. பல போட்டிகளில் ஆடுபவரே தம் நகர்வுகளைத் தாளில் எழுதவேண்டும் என்பது விதி. பிள்ளையின் சட்டைப்பையில் மடிந்து கிடக்கும் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். பலகையை விரித்து, முதல் நகர்விலிருந்து ஒவ்வொன்றாக வையுங்கள். எந்த இடத்தில் காய் போயிற்று என்று பிள்ளையே காட்டுவான். இருபதாவது நகர்வுக்குள் அவன் பேச ஆரம்பித்துவிடுவான்.