ரேம் அப்புறம் ஏத்திக்கலாம்

தொண்ணூறுகளின் கடைசியில் சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள்டு கம்ப்யூட்டருக்குக் கொட்டேஷன் கேட்டால், காகிதத்தின் முதல் வரி ப்ராசசர். பேரம் முழுக்க அந்த வரியைச் சுற்றியே நடக்கும். 350 மெகாஹெர்ட்ஸா, 400ஆ? ரேம் எங்கோ கீழே இருக்கும், 32 எம்பி என்று. பட்ஜெட் இடித்தால் முதலில் கைவைக்கிற இடமும் அதுதான். “ப்ராசசர் நல்லதா போட்டுருங்க சார், ரேம் அப்புறம் ஏத்திக்கலாம்.”

அன்றைய நிலையில் அந்த யோசனையைக் குறை சொல்ல முடியாது. ப்ராசசரை மாற்றப் போனால் பல சமயம் மதர்போர்டும் சேர்ந்து போகும். ரேமுக்கு அந்த வம்பில்லை; காலி ஸ்லாட்டில் இன்னொன்றைச் சொருகினால் ஆயிற்று. விலையும் பொதுவாக இறங்குமுகம். (1999 செப்டம்பரில் தைவானில் பூகம்பம் வந்தபோது மட்டும் திடீரென்று எகிறியது. ‘அப்புறம்’ என்று காத்திருந்தவர்கள் நொந்துபோனார்கள்.)

அந்த ‘அப்புறம்’ வரும்வரை மெஷின் பட்ட பாடு வேறு கதை. விண்டோஸ் 98க்கு 16 எம்பி போதும் என்றது மைக்ரோசாஃப்ட். போதும் என்றால் திரை வரும், அவ்வளவே. டிடிபி சென்டரில் பேஜ்மேக்கரையும் ஃபோட்டோஷாப்பையும் சேர்த்துத் திறந்தால் 32 எம்பி நிரம்பிவிடும். மிச்சத்தை விண்டோஸ் ஹார்டு டிஸ்கில் போட்டுப் போட்டு எடுக்கும். ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஒரு நொடியில் ஏறக்குறைய கோடியில் ஒரு பங்கு ஆகும். டிஸ்கிலிருந்து எடுக்க நூறில் ஒரு பங்கு. லட்சம் மடங்கு வித்தியாசம்! கேபினட்டின் முன்விளக்கு விடாமல் மினுக்கும், உள்ளே கறகறவென்று சத்தம், 400 மெகாஹெர்ட்ஸ் ப்ராசசரோ வேலையில்லாமல் காத்துக்கொண்டிருக்கும். ஆபரேட்டர் “சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சு” என்பார். முதலாளி அடுத்த முறை இன்னும் வேகமான ப்ராசசராகப் பார்த்து வாங்குவார்.

இந்த ஒற்றை எண் மோகத்தின் உச்சம் பென்டியம் 4. 2000 நவம்பரில் 1.5 கிகாஹெர்ட்ஸ் என்று வந்து இறங்கியது. ஆரம்பத்தில் அதற்குப் பொருந்தியது ஆர்டிரேம் என்ற விலை கூடிய ரேம் மட்டும்தான். அந்தச் செலவுக்குப் பலர் தயாராக இல்லை. மறு வருஷமே இன்டெல் 845 சிப்செட்டை இறக்கி, பழைய எஸ்டிரேமையே மாட்டிக்கொள்ள வழி செய்தது. ப்ராசசரின் பாதையில் நொடிக்கு 3.2 ஜிபி போய்வரலாம். பிசி133 எஸ்டிரேமால் தர முடிந்தது 1 ஜிபிக்குச் சற்று மேலே. பெரிய தொட்டிக்குச் சின்னக் குழாய். ரேமையும் ப்ராசசரையும் இதைவிட மோசமாக யாரும் ஜோடி சேர்த்ததாக எனக்குத் தெரியவில்லை. மெகாஹெர்ட்ஸ் பந்தயம் 2004இல் ஓய்ந்தது; 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வராது என்று இன்டெலே அறிவித்துவிட்டது.

இன்று நிலைமை தலைகீழ். வேகம் குறைந்த ப்ராசசரே ஜெயிக்கிற காட்சியைப் பார்க்கிறோம். 2022இல் ஏஎம்டி வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டியின் கடிகார வேகம் அதன் அண்ணன் 5800எக்ஸைவிடக் குறைவு. ஆனால் உள்ளேயே 96 எம்பி எல்3 கேஷ். ரேமுக்கு ஓடுவது குறைந்ததால் பல கேம்களில் அண்ணனை எளிதாக முந்தியது. 1998இல் இன்டெல் எல்2 கேஷே இல்லாமல் ஒரு செலரானை விற்று வாங்கிக் கட்டிக்கொண்டது. அதே வருஷம் வெறும் 128 கேபி கேஷ் சேர்த்த 300ஏ வந்ததும் ஆர்வலர்கள் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். பாடம் அன்றே கிடைத்ததுதான்.

ரேமின் அளவு பற்றிய கவலையும் ஒருவிதத்தில் தீர்ந்தது. விண்டோஸ் 11க்கு 4 ஜிபி போதும் என்கிறது மைக்ரோசாஃப்ட். அதன் ‘போதும்’ மட்டும் மாறவேயில்லை. வாங்குகிறவர்கள் 16 ஜிபிக்குக் கீழே யோசிப்பது அபூர்வம். அப்படியே போதாவிட்டாலும் எஸ்எஸ்டி சத்தமில்லாமல் சமாளிக்கும். கறகறப்பு கேட்டுக் கண்டுபிடிக்க வழியில்லை. இப்போது கேள்வி எத்தனை ஜிபி என்பதைவிட எப்படி மாட்டுவது என்பதில் இருக்கிறது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் 16 ஜிபியை ஒரே ஸ்டிக்காகப் போட்டால், இரண்டு 8 ஜிபி தருகிற பாதையில் பாதிதான் கிடைக்கும். படம் வரைகிற வேலையும் அதே ரேமை நம்பியிருப்பதால் கேமில் அது பளிச்சென்று தெரியும்.

சரி, பிறகு ஏற்றிக்கொள்ளலாமா? அங்கேதான் பழைய யோசனை உதைக்கிறது. ரைசன் 7000 வரிசையில் டிடிஆர்5 ஸ்டிக் இரண்டு இருந்தால் ஏஎம்டி உறுதி சொல்லும் வேகம் 5200. நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் 3600. கூடுதலாகக் காசு கொடுத்து வேகத்தைக் குறைத்துக்கொண்ட மாதிரி.

இதற்கிடையில் 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போக, ரேம் விலை மறுபடி எகிறியது. மைக்ரான் நிறுவனம் க்ரூஷியல் பெயரில் சில்லறை விற்பனையையே நிறுத்துவதாக டிசம்பரில் அறிவித்தது. பட்ஜெட் இடிக்கிறவர்களுக்கு என் யோசனை: ப்ராசசரில் ஒரு படி இறங்குங்கள், ரேமை முதலிலேயே ஜோடியாக வாங்குங்கள். மெஷின் வீட்டுக்கு வந்ததும் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து பாருங்கள். 6000 என்று வாங்கியது அங்கே 4800 என்று காட்டினால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். பயாஸில் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி என்ற அமைப்பை யாரும் ஆன் செய்யவில்லை, அவ்வளவுதான்.