குழாயின் கூரையைத் தின்னும் அமிலம்

2025 ஜனவரி 28 காலை, ஜப்பானின் சைதாமா மாகாணத்து யாஷியோ நகரில், ஒரு நாற்சந்தியில் சாலை திடீரென்று உள்வாங்கியது. வந்துகொண்டிருந்த லாரி குழிக்குள் விழுந்தது. முதலில் 10 மீட்டர் அகலம் இருந்த பள்ளம் சில நாள்களில் 40 மீட்டர் அளவுக்கு வாய் பிளந்தது. சுற்றுப்பக்கத்து ஊர்களில் சுமார் 12 லட்சம் பேரிடம், குளிப்பதையும் துணி துவைப்பதையும் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். லாரி ஓட்டியவரின் உடல் மே மாதம்தான் கிடைத்தது.

சாலைக்கு 10 மீட்டர் கீழே ஒரு கழிவுநீர்க் குழாய். விட்டம் 4.75 மீட்டர், 1983இல் புழக்கத்துக்கு வந்தது. கான்கிரீட் குழாய்க்கு 42 வயது ஒன்றும் முதுமையல்ல. பிறகு எப்படி உடைந்தது?

சாக்கடை நீர் ஓடும் அடிப்பகுதிதான் முதலில் அரிக்கும் என்று நினைப்போம். உண்மையில் நீர் தொடாத மேல்வளைவுதான் முதலில் போகிறது. குழாய்ச் சுவரில் வழுவழுவென்று படியும் பசைப் படலத்துக்குள் ஆக்சிஜன் கிடைக்காது. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் நீரிலுள்ள சல்பேட்டைச் சல்பைடாக மாற்றுகின்றன. நீர் கலங்கிப் புரளும் இடங்களில் அது ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு மேலே கிளம்பி, கூரையின் ஈரத்தில் கரைகிறது. அங்கே வேறொரு கூட்டம் காத்திருக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு வாழும் அந்தப் பாக்டீரியாக்கள் அதைக் கந்தக அமிலமாக்கிவிடுகின்றன. புதிய கான்கிரீட் கடும் காரத்தன்மை கொண்டது; அதில் எதுவும் எளிதில் ஒட்டி வளராது. ஆனால் வாயுக்கள் மெல்ல மெல்ல அந்தக் காரத்தைத் தணித்து வழிவிடுகின்றன. கடைசியில் கான்கிரீட் வெண்மையான ஜிப்சக் குழம்பாகிறது. விரலால் வழித்தெடுக்கலாம். இதில் நுண்ணுயிர்களின் கைவரிசையை 1945இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் பார்க்கர் எடுத்துக்காட்டினார். வெப்பமான ஊர்களில் இந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும். ஆனால் சுட்ட களிமண் குழாயை இந்த அமிலத்தால் அசைக்க முடியாது. நம் பழைய ஊர்களில் உள்ள ஸ்டோன்வேர் என்னும் சுட்ட களிமண் குழாய்களை ஏளனம் செய்வதற்கு முன் இதை யோசிக்கலாம்.

கூரையில் ஓட்டை விழுந்தால் மண் குழாய்க்குள் சரிகிறது. ஓடும் நீர் அதை அடித்துச் செல்கிறது. மேலே வெற்றிடம் வளர்ந்துகொண்டே போகிறது. தார்ச்சாலை மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் பாலமாக நின்றுகொண்டிருக்கும், தாங்கும் வரை.

இப்படிப்பட்ட குழாயைச் சாலையைத் தோண்டாமலே புதுப்பிக்கலாம் என்று காட்டியவர் எரிக் வுட் என்ற ஆங்கிலேயர். 1971இல் லண்டனின் ஹாக்னி பகுதியில், செங்கல்லால் கட்டிய பழைய சாக்கடை ஒன்றில் செய்துகாட்டினார். ரெசினில் ஊறிய கம்பளத் துணிக் குழல் ஒன்றை மேன்ஹோல் வழியாக இறக்கி, காலுறையை உள்வெளியாகத் திருப்புவதுபோல் நீரழுத்தத்தால் திருப்பிக்கொண்டே உள்ளே செலுத்துவார்கள். துணி சுவரில் உரசி இழுபடாது. ரெசின் ஊறிய பக்கம் தானாகவே பழைய சுவரில் போய்ப் படியும். பிறகு சுடுநீரைச் சுழலவிட்டால் ரெசின் இறுகி, குழாய்க்குள் ஒரு புதுக் குழாய் உருவாகும். வழியிலேயே இறுகிவிடக் கூடாதென்று அந்தத் துணியைக் குளிரூட்டிய வண்டியில் கொண்டுவருகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த கட்டம்: வீடுகளிலிருந்து வரும் இணைப்புகளையெல்லாம் புதுக் குழாய் அடைத்திருக்கும். கேமராவோடு ஒரு வெட்டும் ரோபோ உள்ளே போய், சுவரில் தெரியும் சிறு குழிவுகளைத் தேடி ஒவ்வொன்றாகத் திறந்துவிடும். அதுவரை அந்தத் தெருக்காரர்கள் தண்ணீரைக் குறைவாகப் புழங்க வேண்டியதுதான்.

குழாய் சற்றுக் குறுகினாலும் வழவழப்பால் நீரோட்டம் பெரும்பாலும் குறைவதில்லை. பெரிய குழாய்களுக்கு ஜப்பானிலேயே ஒரு முறை உண்டு: பிவிசி பட்டையைச் சுருள்சுருளாகச் சுற்றி உள்ளே ஒரு குழாய் கட்டி, இடைவெளியில் சாந்தை நிரப்புவார்கள். கழிவுநீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்யலாம்.

ஆனால் இவையெல்லாம் குழாய் இன்னும் நின்றுகொண்டிருந்தால்தான். யாஷியோவுக்குப் பிறகு, 2 மீட்டருக்கு மேல் விட்டமும் 30 ஆண்டுக்கு மேல் வயதும் உள்ள குழாய்களை, சுமார் 5,000 கிலோமீட்டர், சோதிக்கும்படி ஜப்பான் அரசு சொன்னது. சாலைமேல் ஓட்டிப் பார்க்கும் ராடார் வண்டிகளுக்கு வழக்கமாக 2 மீட்டர் ஆழம் வரைதான் பார்வை எட்டும். 10 மீட்டர் கீழே இருக்கும் குழாயின் கூரையைப் பார்க்க வேண்டுமென்றால், அந்த நாற்றத்துக்குள் கேமராவையோ ட்ரோனையோ ஆளையோ அனுப்பித்தான் ஆக வேண்டும்.