ஊர்தியும் உரையாடலும்

கைப்பேசியில் பேசியவாறு ஊர்தி ஓட்டுவோரைக் காணும்போது, ஒற்றைக் கையால் ஓட்டுவதே பிழை என நாம் கருதுகிறோம். காதுக்கருவி மாட்டிக்கொண்டாலோ, தலைக்கவசத்துள் பேசியைச் செருகிக்கொண்டாலோ இரு கைகளும் விடுபட்டுவிடுமே, பிறகென்ன அச்சம் என்றும் வினவுகிறோம்.

இதற்கு விடையளித்தது, 1997-இல் வெளிவந்த ஓர் ஆய்வு. கனடாவின் டொராண்டோ நகரில் மோதலுக்குள்ளான, கைப்பேசி வைத்திருந்த 699 ஓட்டுநர்களின் அழைப்புப் பதிவுகளை ஆய்வாளர் இருவர் ஆராய்ந்தனர். பேசும் வேளையில் மோதல் நேரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காதல் புலனாயிற்று. கையில் ஏந்தாமற் பேசும் கருவியால் அது குறைந்ததாகத் தெரியவில்லை. மோதலுக்குப் பின் உதவி கோர அதே பேசி பலருக்குப் பயன்பட்டதையும் அவ்வாய்வு மறைக்கவில்லை.

அருகமர்ந்து பேசுபவர் சாலையைக் காண்கிறார். எதிரே பேருந்து முந்தி வந்தால் தாமே வாய் மூடுகிறார். தொலைவில் இருப்பவரோ அதனை அறியார். விடை எங்கே என்று விரைவுபடுத்துவார். கண் திறந்திருந்தும் கருத்து அங்கே இராது. கண்ணும் விலகினால் கேட்கவே வேண்டா. மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவில் செல்கையில் ஐந்து நொடி குனிந்து குறுஞ்செய்தி படித்தால், 80 மீட்டருக்கு மேல் பாராமலே கடந்துவிடுகிறோம்.

நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், கைக்கருவியைப் பயன்படுத்தி ஓட்டுவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்தது. கையைச் சட்டம் காணும். கருத்தை எவ்வாறு காணும்? ஆதலின் அழைப்பவருக்கும் பொறுப்புண்டு என்போம். ‘வண்டியில் இருக்கிறேன்’ என்று பிள்ளை சொன்ன பின்னும், ‘ஒரே ஒரு செய்தி’ என்று தொடர்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்களாகிய நாமே.