பால்பல் விழும் பருவம்

ஆறு வயதுக் குழந்தையின் முன்பல் ஆடத் தொடங்கினால் வீட்டில் குதூகலம் பிறக்கின்றது. விழுந்த பல்லைக் கூரைமேல் எறிவதும் நம் வழக்கம். ஆனால் அதே வேளையில் வாயின் பின்புறத்தில் நிகழும் ஒன்றை நாம் கவனிப்பதில்லை.

பால்பற்கள் மொத்தம் 20. இவை ஏறத்தாழ 6 வயதில் விழத் தொடங்கி, 12 வயதளவில் முற்றும் விழுந்துவிடும். ஆயினும் 6 வயதில், கடைசிப் பால்பல்லுக்கும் பின்னால், எப்பல்லும் விழாமலேயே ஒரு கடைவாய்ப்பல் முளைக்கின்றது. மேலும் கீழும், இருபுறமும் சேர்த்து இவை நான்கு. இவற்றையும் பால்பற்களென எண்ணி, சொத்தை விழுந்தாலும் பெற்றோர் பலர் வாளாவிருக்கின்றனர். இவையோ நிலைப்பற்கள், இழந்தால் மீண்டும் முளைக்கமாட்டா.

பால்பல்லின் சொத்தையையும் அலட்சியம் செய்தலாகாது. நிலைப்பல்லுக்கு இடம் காத்து நிற்பது அதுவே. காலத்திற்கு முன் அதனை இழந்தால் அண்டைப் பற்கள் சாய்ந்து, புதுப்பல் கோணலாக வரக்கூடும்.

பால்மரம் வெட்ட விடியுமுன் புறப்படும் பெற்றோர், இரவிலாவது குழந்தையின் பற்களைப் புளோரைடு பற்பசையால் தாமே துலக்கிவிடுதல் நன்று. தூரிகை கடைசிப் பல் வரை செல்லவேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளின் பற்களைக் காக்கவே 1949ஆம் ஆண்டில் பினாங்கில் பல் தாதியர் பயிற்சி தொடங்கப்பெற்றது. கிள்ளானாயினும் பிரிக்பீல்ட்ஸாயினும், பள்ளிக்கு வரும் அரசாங்கப் பல் மருத்துவக் குழுவினர் சிகிச்சையளிக்கப் பெற்றோரின் இசைவு தேவை. பிள்ளை கொண்டுவரும் ஒப்புதல் பாரத்தில் கையொப்பமிட மறவாதீர்கள்.