பத்தியத்துக்குள் ஒளிந்துகொள்ளும் பட்டினி

சிறுநீரக வியாதி கண்டிருப்பதாகத் தெரிந்த ஒருவருக்கு, மருந்துச் சீட்டோடு ஓர் ஆகாரப் பட்டியலையும் கொடுத்தனுப்புவது வைத்தியசாலைகளின் வழக்கம். உப்பைக் குறைக்கவேண்டும், இளநீரும் வாழைப்பழமும் முருங்கைக்கீரையும் ஆகா, கருவாடு, அப்பளம், ஊறுகாய் ஆகியவற்றின் பக்கமே போகலாகாது, பருப்பையும் தண்ணீரையும் அளந்தே கொள்ளவேண்டும் என்று அந்தக் காகிதம் நீண்டுகொண்டே போகும். பெரும்பாலோர் அதை மனச் சங்கடத்தோடு வாங்கிக்கொண்டு, சிலவற்றைக் கைக்கொண்டும் சிலவற்றை மீறியும் காலந்தள்ளுகிறார்கள். ஆனால் உணவையே பகையாக எண்ணச் செய்யும் மனோவியாதியினால் முன்பே பீடிக்கப்பட்டிருக்கும் ஒருவரின் கைக்கு அதே காகிதம் போய்ச் சேருமானால், அது சிகிச்சையாக இராமல், அவர் பட்டினி கிடப்பதற்கு வைத்தியரே கையெழுத்திட்டுக் கொடுத்த அனுமதிச் சீட்டாக ஆகிவிடுகிறது.

உண்ணல் கோளாறு என்று இன்று வைத்தியர்கள் குறிப்பிடும் இந்த வியாதி, அழகின்மேல் உண்டான சபலமும் அன்று, இளம்பெண்களின் பிடிவாதமும் அன்று. எலும்பு தெரிய மெலிந்த பின்னரும் பருத்துவிடுவோமோ என்றஞ்சி ஆகாரத்தை ஒதுக்குவோர் ஒரு சாரார். அளவிறந்து உண்டுவிட்டு, அதற்குக் கழுவாய் தேடுவார்போல் வாந்தியெடுத்தும் பேதி மருந்து அருந்தியும் உடலை வருத்துவோர் இன்னொரு சாரார். மறைவிலே மிகுதியாக உண்டு, வெட்கத்தினால் மனம் நைவோர் மற்றொரு சாரார். ஆண்களும் நடுவயதினரும் பருத்த சரீரம் உடையவர்களும் இவர்களிடையே உண்டு. லண்டன் நகரத்து கய்ஸ் ஆஸ்பத்திரியின் வைத்தியரான ரிச்சர்ட் பிரைட் 1827-ஆம் ஆண்டிலே சிறுநீரக வியாதியைத் தெளிவுற விவரித்து எழுதினார். அதே ஆஸ்பத்திரியைச் சேர்ந்த வில்லியம் கல் என்பவர்தாம் 1870-களில், உணவை மறுத்து மெலியும் நோய்க்கு அனோரெக்ஸியா நெர்வோசா என்று பெயரிட்டார். ஒரே கூரையின்கீழ் வளர்ந்த இவ்விரு ஞானங்களும் இன்று நம் ஆஸ்பத்திரிகளில் வெவ்வேறு கட்டடங்களில், ஒன்றன் குரல் மற்றொன்றுக்குக் கேளாதபடி இயங்குகின்றன என்பதே என் கவலை.

இந்தப் பிரிவினால் விளையும் ஆபத்துகளில் முதலாவது, இரத்தப் பரிசோதனையே நம்மை ஏமாற்றிவிடுவது. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை நாம் பெரும்பாலும் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவைக்கொண்டே அறிகிறோம். அது தசையிலிருந்து உண்டாவது. ஆகையால் பட்டினியினால் தசை கரைந்துபோன ஒருவருக்கு, சிறுநீரகம் பழுதுபட்டிருந்தாலும் கிரியேட்டினின் குறைவாகவே காணும். எண் குறைந்ததைக் கண்டு வீட்டார் மகிழ்ந்து, பத்தியம் பலித்தது என்று நோயாளியைப் புகழ, அவர் இன்னும் ஒரு வேளை உணவைக் குறைத்துக்கொள்கிறார். இத்தகையோருக்குத் தசையின் அளவை அவ்வளவாகச் சார்ந்திராத சிஸ்டாட்டின்-சி என்ற பரிசோதனையைச் செய்து பார்க்கலாமா என்று வைத்தியரைக் கேட்பது நன்று.

இரண்டாவது ஆபத்து பொட்டாசியத்தைப் பற்றியது. முற்றிய சிறுநீரக வியாதியில் பொட்டாசியம் இரத்தத்தில் மிகுந்து இருதயத் துடிப்பைக் கெடுக்கக்கூடும் என்பதனால்தான், காய்களை நறுக்கி நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிடச் சொல்லுகிறார்கள். ஆனால் அடிக்கடி வாந்தியெடுப்பவருக்கும் பேதி மருந்து உண்பவருக்கும் பொட்டாசியம் அபாயகரமாகக் குறைந்துவிடுகிறது. அந்தக் குறைவும் இருதயத்தை நிறுத்த வல்லது, நெடுநாள் நீடித்தால் சிறுநீரகத்தையே பழுதாக்கவும் வல்லது. ஆகவே, அச்சடித்த பட்டியலைக்கொண்டு இவர்களுக்குப் பொட்டாசியத்தை விலக்குவதும் சேர்ப்பதும் தகாது. அன்றைய இரத்தப் பரிசோதனை எதைச் சொல்கிறதோ அதுவே பிரமாணம். பாஸ்பரஸும் அவ்வாறே. சிறுநீரக நோயாளிக்கு அது மிகுமென்று பயப்படுகிறோம். பல நாள் பட்டினி கிடந்தவர் திடீரென்று உண்ணத் தொடங்கினாலோ, அது சட்டென்று தாழ்ந்து உயிருக்கே உலைவைத்துவிடும். உண்ணாதவரை வற்புறுத்தி ஒரே நாளில் மூன்று வேளையும் வயிறார ஊட்டிவிடும் பாசம் இங்கே பெருந்தீங்காக முடியலாம். அத்தகையவர் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பில், சிறிது சிறிதாகவே உணவுக்குத் திரும்பவேண்டும்.

புரதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.8 கிராம் போதும் என்பார்கள். டயாலிசிஸ் தொடங்கியதும் அது 1.0 முதல் 1.2 கிராம் வரை உயர்கிறது. பழைய பட்டியலையே பிடித்துக்கொண்டு, முட்டையையும் பருப்பையும் தயிரையும் அஞ்சி ஒதுக்கும் டயாலிசிஸ் நோயாளி, சிகிச்சை பெற்றுக்கொண்டே தேய்ந்துபோகிறார். டயாலிசிஸ் செய்வோருக்கு வேறொரு சோதனையும் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் எடை பார்த்தாகவேண்டும். எடையைக் கண்டு நடுங்கும் ஒருவருக்கு அந்தக் கருவியின்மேல் ஏறுவது எத்தகைய வேதனை என்பதை அங்குள்ள செவிலியர் அறிந்திருக்கவேண்டும். கூடியிருப்பது நீரேயன்றிச் சதையன்று என்று எடுத்துச் சொல்வதும், எண் கண்ணில் படாதபடி திரும்பி நிற்க அனுமதிப்பதும், மற்றவர் காதுபட அதை வாய்விட்டுப் படிக்காமலிருப்பதும் செலவில்லாத உபகாரங்கள்.

மெலிவதற்கென்று விற்கப்படும் சூரணங்களைக் குறித்து நான் சற்றுக் கடுமையாகவே எச்சரிக்க விரும்புகிறேன். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரத்திலே, எடைகுறைப்பு நிலையம் ஒன்றில் மூலிகை மாத்திரை உண்ட பெண்களில் நூற்றுவருக்கு மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பழுதுபட்டது; அதற்குக் காரணம் அரிஸ்டலோக்கியா என்ற தாவர இனம் அம்மாத்திரையில் கலந்திருந்தமையே. நம் நாட்டின் ஆடுதின்னாப்பாளையும் ஈசுரமூலியும் அதே இனத்தைச் சேர்ந்தவை. நிலாவரை முதலிய பேதி மருந்துகளை நாள்தோறும் உண்பதும், நீரிறக்கும் மாத்திரைகளைத் தாமே வாங்கி விழுங்குவதும், உப்புக்குப் பதிலாகப் பொட்டாசியம் கலந்த ‘லோ சோடியம்’ உப்பைச் சேர்ப்பதும் சிறுநீரக நோயாளிக்கு விஷமாகக்கூடும்.

பரிகாரம் என்னவென்றால், கூடாதவற்றின் பட்டியலோடு நோயாளியை அனுப்பிவிடாமல், ஒரு நாளில் அவர் கட்டாயம் உண்ணவேண்டிய குறைந்த அளவு இவ்வளவு என்று எழுதிக் கொடுப்பதுதான். எத்தனை இட்லி, எவ்வளவு சோறு, எந்தக் காய், எத்தனை முட்டை என்று அந்தக் காகிதம் பேசவேண்டும். சிறுநீரக வைத்தியர், மனநல வைத்தியர், உணவியல் நிபுணர் ஆகிய மூவரும் ஒருவர் எழுதியதை மற்றவர் படித்தே முடிவு செய்யவேண்டும். விலக்குகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் சுமத்தாமல், உடனடி ஆபத்து எதிலோ அதை மட்டும் முதலில் விலக்கி, ஏனையவற்றைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். இதற்கு நோயாளி தம் பழக்கத்தை, வாந்தியும் பேதி மருந்தும் உட்பட, மறையாமல் சொல்லவேண்டியிருக்கிறது. சொன்னவரைக் கடிந்துகொள்ளும் வைத்தியர் மறுமுறை உண்மையைக் கேட்கப்போவதில்லை.

சட்டம் இவ்விஷயத்தில் நோயாளியின் பக்கமே நிற்கிறது. 2018-ஆம் ஆண்டு மே மாதம் அமலுக்கு வந்த 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசின் நிதி பெறும் நிலையங்களில் மனநல சிகிச்சை பெறும் உரிமையை ஒவ்வொருவருக்கும் அளிக்கிறது. 23-ஆவது பிரிவு அவருடைய இரகசியத்தைக் காக்கிறது. 25-ஆவது பிரிவு தம் மருத்துவக் குறிப்புகளைப் பெறும் உரிமையைத் தருகிறது. உடல் வியாதிக்கு எந்த ஆதாரத்தில் இன்ஷூரன்ஸ் வழங்கப்படுகிறதோ அதே ஆதாரத்தில் மனவியாதிக்கும் வழங்கவேண்டும் என்று 21-ஆவது பிரிவு ஆணையிடுகிறது. மனவியாதி என்ற ஒரே காரணத்துக்காகக் கம்பெனி பணம் மறுத்தால், மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு முதலில் அக்கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும், அங்கே நியாயம் கிடைக்காவிட்டாலோ ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கும் முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் செலவு அடங்கும். மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவும் உண்டு.

வீட்டில் யாரேனும் பத்தியத்தின் பெயரால் நாளுக்கு நாள் மெலிந்து, பந்தியில் உட்காருவதைத் தவிர்த்து, உண்டவுடன் குளியலறைக்குப் போய்க் கதவடைத்துக்கொள்வதைக் கண்டால், கட்டுப்பாடு என்று மெச்சிக்கொண்டிராதீர்கள். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, கைகால் தளர்ச்சி ஆகியவை தோன்றினால் ஒரு நாளும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். மற்றபடி யாரிடம் பேசுவது என்று தெரியாதவர்கள், மத்திய அரசின் டெலிமானஸ் எண்ணாகிய 14416-ஐ இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழிலேயே பேசலாம்.